தாயைத் திட்டினது போதும், வீட்டுல இருக்கிறவங்களையும் கொஞ்சம் கேளுங்க

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வெளிநாடு போற தாய்மாரால பிள்ளைங்க சீரழியுதுன்னு ஒரு ஐயா நீளமா கடிதம் எழுதியிருந்தாரு, சின்னப் பிள்ளை இருக்கிற எந்தத் தாயையும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாதுன்னு சட்டம் போடணும்னு முடிச்சிருந்தாரு. படிச்சிட்டு பேசாம இருந்திருப்பேன், ஆனா திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போனா யாரோ அதை வெட்டி நோட்டீஸ் போர்டுல ஒட்டி வச்சிருக்காங்க. அந்த போர்டைத் தாண்டித்தான் எங்க பிள்ளைங்க லைப்ரரிக்குப் போகணும், அதுல எத்தனையோ பிள்ளைங்களோட அம்மா இப்போ சவுதியிலயும் குவைத்துலயும் யாரோ வீட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்காங்க. எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒண்ணு நின்னு முழுசாப் படிச்சிட்டு ஒண்ணும் பேசாம கிளாஸுக்குப் போச்சு. அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், மன்னிச்சுக்குங்க.

முதல்ல ஒண்ணு, ஐயா எழுதினதுல உண்மை இல்லாம இல்ல. நான் இலங்கை மலைநாட்டுல பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல படிப்பிக்கிறேன், அம்மா வெளிநாட்டுல இருக்கிற பிள்ளையை அனேகமா வரவு இடாப்பைப் பாத்தே கண்டுபிடிச்சிரலாம். திங்கக்கிழமை வராது, மழைன்னா வராது, தம்பிக்குக் காய்ச்சல்னா வராது. சப்பாத்து புதுசா இருக்கும், பேக் புதுசா இருக்கும், காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கும். கூட்டத்துக்கு வரச்சொன்னா அம்மாயி வருவாங்க, கடைசி வரிசையில உக்காந்து எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு ரிப்போர்ட்ல கைநாட்டு வச்சிட்டுப் போவாங்க, பேரப்பிள்ளை கணக்குல எத்தனை மார்க்ஸ்னு அவங்களுக்குத் தெரியாது, தெரியாதுன்னு சொல்லவும் வெக்கம். மூத்தது பொம்பளப் பிள்ளையா இருந்துட்டா அதோட கதை இன்னும் மோசம். பன்னெண்டு பதிமூணு வயசுலயே அது வீட்டு அம்மா ஆயிரும், விடியக்காலை எழும்பி ரொட்டி சுட்டு, தண்ணி பிடிச்சு, தம்பி தங்கச்சிக்குத் தலை சீவி விட்டுட்டு ரெண்டாம் பாடத்துக்கு ஓடி வரும், பதினோராம் ஆண்டு ஓ எல் சோதனை வரைக்கும் வந்தா பெரிய விஷயம்.

ஒரு பிள்ளை ஸ்கூல்ல இருக்கும்போதே பெரிய மனுஷி ஆயிட்டா. நானும் இன்னொரு டீச்சரும்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். வீட்டுல அப்பாவும் தம்பியும் மட்டும், அந்த மனுஷனுக்கு என்ன செய்றதுன்னே தெரியல, வெளியில போய் நின்னுட்டாரு. பக்கத்துக் காம்பரா அக்காதான் எல்லாம் பாத்தாங்க. தண்ணி ஊத்தின அன்னைக்கு அம்மா குவைத்துல இருந்து ஐமோ வீடியோ கோல்ல பாத்துக்கிட்டு இருந்தாங்க, பாதியில அவங்க மேடம் கூப்பிடுற சத்தம் எங்களுக்கே கேட்டுச்சு, அதோட லைன் கட். இதைவிட மோசமானதும் நடக்குது, ஒத்தைக் காம்பரா வீட்டுல பொம்பளப் பிள்ளையை சித்தப்பன் மாமன்னு நம்பி விட்டுட்டுப் போய், என்ன நடந்துச்சுன்னு பிள்ளை வாயைத் திறக்கவே வருஷக்கணக்கா ஆன கதை எல்லாம் டீச்சருங்களுக்குத் தெரியும். பேப்பர்ல எழுத முடியாது.

ஆக பிள்ளைங்க கஷ்டப்படுதா, படுது. ஆனா எதனாலன்னு கேட்டா ஐயாவும் நானும் வேற வேற பக்கம் போறோம்.

ஒரே லயத்துல, அதான் வரிசையா ஒட்டிக் கட்டின தோட்டத்து வீடுங்கள்ல, ரெண்டு வீடு சொல்றேன். ரெண்டு வீட்டுலயும் அம்மா வெளிநாடு, ரெண்டும் ஒரே சவுதி, கிட்டத்தட்ட ஒரே சம்பளம். முதல் வீட்டு அப்பா மலையில தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுறவரு, விடியக்காலையில அவரேதான் சோறாக்குவாரு, சின்னவளுக்கு ரெட்டைப் பின்னல் பின்னத் தெரியாம பக்கத்து வீட்டுல போய் கத்துக்கிட்டாரு, கூட்டத்துக்கு வேலையை விட்டுட்டு வந்து முன் வரிசையில உக்காருவாரு. அந்தப் பிள்ளைங்க ரெண்டும் நல்லாப் படிக்குது. ஊரு அவருக்கு வச்சிருக்கிற பேரு என்ன தெரியுமா, "பொண்டாட்டி". ரெண்டாவது வீட்டு அப்பாவுக்கு மாசம் பத்தாந்தேதி பேங்குக்குப் போறதுதான் ஒரே வேலை, வரும்போது நடக்க முடியாம வருவாரு, இப்போ நோர்வூட் பக்கம் இன்னொரு குடும்பம் வேற. பிள்ளைங்க அப்பாயிகிட்ட, அப்பாயிக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அந்த வீட்டுப் பையன்தான் ஐயா சொல்ற சீரழிஞ்ச பிள்ளை, பத்தாம் ஆண்டோட நின்னுட்டு டவுன்ல சுத்துறான். இப்போ சொல்லுங்க, அந்தப் பையனைக் கெடுத்தது சவுதியில இருக்கிற அம்மாவா? ரெண்டு வீட்டுலயும்தான் அம்மா இல்ல. வித்தியாசம் வீட்டுக்குள்ள இருக்கிற ஆள்ல இருக்கு, ஆனா அந்தக் கடிதத்துல அப்பாங்கிற சொல் ஒரே ஒரு இடத்துலதான் வருது, அதுவும் "தந்தை தனிமையால் குடிக்கு அடிமையாகிறார்"னு பரிதாபப்பட்டு. அம்மாவும்தான் அங்க தனியா இருக்காங்க, அவங்க என்ன குடிச்சிட்டா கிடக்கிறாங்க?

இன்னொண்ணும் சொல்லணும். தாய் பிள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போறது மலைநாட்டுக்கு இப்போதான் வந்த புதுப் பழக்கமா? கோப்பிக் காலம் முடிஞ்சு தேயிலை வந்த பிறகு எங்க பாட்டி, பூட்டி எல்லாரும் கைப்பிள்ளையை பிள்ளைக் காம்பராவுல, அதான் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துல, விட்டுட்டுத்தான் கொழுந்துக்குப் போனாங்க, விடிய விட்டா சாயந்தரம், நடுவுல ஓடி வந்து பால் குடுத்துட்டு திரும்ப ஓடணும். தோட்டத்துல பாதிக்கு மேல பொம்பள ஆளுங்க, அவங்க கை நின்னா ஃபேக்டரி நின்னுரும். அப்போ பிள்ளை சீரழியும், தாய் வீட்டுல இருக்கணும்னு எந்தத் தொரையும் சொல்லல, எந்தத் தலைவரும் சொல்லல, பேப்பர்லயும் யாரும் எழுதினதா எனக்குத் தெரியல. அதே தாய் அந்தக் கையைக் கொண்டு போய் தனக்குன்னு கொஞ்சம் கூடச் சம்பாதிக்கப் பாத்தப்போதான் எல்லாருக்கும் பிள்ளை ஞாபகம் வருது. அதுவும் அந்தக் காலத்துல பிள்ளைக் காம்பரான்னு ஒண்ணாவது இருந்துச்சு, ஆயம்மா இருந்தாங்க, பிள்ளைக்குப் பால்மா கலக்கிக் குடுத்தாங்க. கடல் கடந்து போன தாயோட பிள்ளைக்கு அதுவும் இல்ல.

ஏன் போறாங்கன்னு கேட்டா ஆடம்பரத்துக்குன்னு ஐயா எழுதியிருக்காரு. தோட்டத்துல ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா ஆகுறதுக்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு, 2024இல 1350 ஆச்சு, அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தாத்தான் முழுப்பேர், அதான் முழு நாள் சம்பளம், இல்லாட்டி அரைப்பேர், மழைக்காலத்துல வேலை நாளே குறைவு. ஒரு வீட்டுல ரெண்டு பேர் ஸ்கூலுக்குப் போனா பஸ் காசுக்கும் கொப்பிக்குமே அது காணாது. அதுக்கு மேல நகை அடகுல, கிழமைக்குக் கிழமை வாசல்ல வந்து நிக்கிற லோன்காரன், கல்யாணத்துக்கு வாங்கினது, சாவுக்கு வாங்கினதுன்னு கடன். இந்த நேரம் பாத்துத்தான் சப் ஏஜென்ட் வருவான். ஆம்பளை வெளிநாடு போகணும்னா ஏஜென்சிக்கு நாம காசு கட்டணும், வீட்டு வேலைக்குப் பொம்பளை போகணும்னா அவங்க நமக்குக் காசு குடுப்பாங்க, லட்சக்கணக்குல, ஏறுறதுக்கு முன்னாடியே. அந்தக் காசை யாரு கையில வாங்குறாங்கன்னு நெனைக்கிறீங்க? அனேகமா புருஷன்தான். பிறகு அங்க போய் அடி வாங்கினாலும், சாப்பாடு குடுக்காட்டியும், சம்பளம் மூணு மாசம் வராட்டியும், பாதியில திரும்பி வாறேன்னு சொன்னா குடுத்த காசைக் கட்டுன்னு ஏஜென்சி நிக்கும், காசு எப்பவோ முடிஞ்சிருக்கும். வாங்கினது ஒருத்தர், அடமானமா நிக்கிறது இன்னொருத்தர்.

சட்டம் போடணும்னு எழுதியிருக்காரே, சட்டம் ஏற்கெனவே போட்டுத்தானே பாத்தாங்க. வீட்டு வேலைக்குப் போன மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை, அவ பாத்துக்கிட்டு இருந்த பச்சைப் பிள்ளை செத்த வழக்குல, 2013 ஜனவரி 9ஆந்தேதி சவுதியில தலையை வெட்டினாங்க. 2005இல அவளை அனுப்பும்போது பாஸ்போர்ட்ல வயசைக் கூட்டிப் போட்டு அனுப்பினாங்க, உண்மையில அவளுக்கு 17 வயசு, ஸ்கூல் போக வேண்டிய பிள்ளை. பச்சைப் பிள்ளையைப் பாக்கத் தெரியாத ஒரு பிள்ளையை பிள்ளை பாக்க அனுப்பினது பொய்க் கடுதாசி செஞ்சவன் குத்தம், பணத்துக்கு ஆள் புடிச்சவன் குத்தம். அதுக்குப் பிறகு அரசாங்கம் என்ன செஞ்சுச்சு, வயசு எல்லையைக் கூட்டினாங்க, சவுதிக்கு 25, மத்த மத்திய கிழக்கு நாட்டுக்கு 23னு, அது சரி. அதோட சேத்து அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளை இருக்கிற தாய் வீட்டு வேலைக்குப் போக ஏலாதுன்னும், மத்தத் தாய்மாரு, பிள்ளையை யாரு பாத்துக்குவாங்கன்னு காட்டுற குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்கணும்னும் கொண்டு வந்தாங்க. ரிசானா தாயே இல்ல, ஆனா அவ சாவுக்குப் பதிலா வந்த ரூல் தாய்மாரு தலையில விழுந்துச்சு.

அந்த அறிக்கை எடுக்க எங்க பொம்பளைங்க பட்ட பாட்டை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், ஃபோர்ம் நிரப்பிக் குடுக்க என்கிட்டத்தானே வருவாங்க. கிராம சேவகர்கிட்டப் போ, பிரதேச செயலகத்துக்குப் போ, அபிவிருத்தி உத்தியோகத்தர் இன்னைக்கு இல்ல நாளைக்கு வா, எங்க பக்கத்துல பாதிப் பேருக்கு சிங்களம் வராது, அங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் வராது. எல்லாத்துக்கும் மேல புருஷன் சம்மதம்னு கையெழுத்துப் போட வேண்டியிருந்துச்சு. புருஷன் கட்டாருக்கு டிரைவரா போகும்போது பொண்டாட்டி கையெழுத்து யாரும் கேக்கல, அவருக்கு ஆறு மாசப் பிள்ளை இருக்கான்னும் கேக்கல. குடிச்சிட்டு அடிக்கிற புருஷன்கிட்ட இருந்து பிள்ளைங்களைக் காப்பாத்தத்தான் போறேன்னு சொன்ன ஒரு பொம்பளை, அதே புருஷன்கிட்டயே போய் கையெழுத்துக்கு நின்னதையும் பாத்தேன். கடைசியில ரூலுக்கு பயந்து போகாம இருந்தவங்க கொஞ்சப் பேர்தான், மத்தவங்க பிள்ளையே இல்லைன்னு சொல்லியோ, விசிட் விசாவுலயோ போனாங்க. அப்படிப் போனா வேலைவாய்ப்புப் பணியகத்துல, அதான் நாங்க பியூரோன்னு சொல்றது, அங்க பதிவு இருக்காது, இன்சூரன்ஸ் இருக்காது, ஒண்ணு நடந்தா எம்பசிக்கு இவங்க வந்ததே தெரியாது. 2022 கடைசியில ஓமானுக்கு விசிட் விசாவுல போன எங்க நாட்டுப் பொம்பளைங்களை ஏலம் போட்டு வித்த கதை வெளியில வந்துச்சே, அந்த வழியில போனவங்கதான். சின்னப் பிள்ளை இருக்கிற தாயை முழுசாத் தடை செஞ்சா அந்த வழியில கூட்டம் இன்னும் கூடும், வேற ஒண்ணும் நடக்காது.

நெருக்கடி வந்து பெட்ரோலுக்கும் கேஸுக்கும் கியூவுல நின்ன 2022இல வெளிநாட்டுல வேலை செய்றவங்க நாட்டுக்கு அனுப்புற காசு 380 கோடி டொலருக்கும் கீழ விழுந்துருச்சு, உடனே அரசாங்கத்துக்குப் பிள்ளைங்க மேல இருந்த கவலை எல்லாம் குறைஞ்சு போச்சு, வயசு எல்லையை எல்லா நாட்டுக்கும் 21னு இறக்கினாங்க, பிள்ளைக்கு அஞ்சு வயசுன்னு இருந்ததும் ரெண்டா ஆச்சு. 2024இல அந்தக் காசு 650 கோடி டொலரைத் தாண்டிருச்சு, மந்திரிமாரு மேடையில பெருமையாச் சொல்றாங்க. 1990கள் நடுவுல எல்லாம் வெளிநாடு போனவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பங்கு பொம்பளைங்க, அப்பவும் நாட்டைத் தாங்கினது அவங்க அனுப்பின காசுதான். காசு வேணும்னா வீரப் பெண்கள், பிள்ளை படிக்காட்டி பொறுப்பில்லாத தாய்.

என் வயித்தெரிச்சல் எதுல தெரியுமா, கேள்வி எல்லாம் ஃபிளைட் ஏறுற வரைக்கும்தான். ஏறினதுக்குப் பிறகு அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுறது இல்ல. யாரு பாத்துக்குவாங்கன்னு அறிக்கையில ஒரு பேரு எழுதியிருப்பாங்க, அனேகமா அம்மாயி பேரு. அந்த அம்மாயி அடுத்த வருஷம் படுக்கையில விழுந்துட்டா? நான் பாத்த வரைக்கும் எந்த உத்தியோகத்தரும் வந்து அம்மாயி இப்போ எப்படி இருக்காங்க, பிள்ளை ஸ்கூல் போகுதா, ராத்திரி யாருகூடத் தூங்குதுன்னு கேட்டது இல்ல. ஸ்கூலுக்கும் யாரும் சொல்றது இல்ல, ஒரு பிள்ளையோட அம்மா வெளிநாடு போயிட்டாங்கன்னு எங்களுக்குத் தெரிய வர்றதே பிள்ளை எழுதுற "எனது குடும்பம்" கட்டுரையில இருந்துதான். பியூரோ புலமைப்பரிசில் குடுக்குது, அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணின பிள்ளைக்கு, ஓ எல், ஏ எல் நல்லா செஞ்ச பிள்ளைக்குன்னு, நல்ல விஷயம், வேணாம்னு சொல்லல. ஆனா நல்லா செஞ்ச பிள்ளையைப் பாத்துக்க ஏற்கெனவே யாரோ இருக்காங்க, ஃபெயில் ஆகிற பிள்ளை, கிளாஸுக்கே வராத பிள்ளை, அது எந்த லிஸ்டுலயும் இல்ல.

காசு விஷயத்துலயும் எங்க ஆளுங்க நிலைமை மத்தவங்களை மாதிரி இல்ல. தோட்டத்துக்கு வெளிய ஊர்ப்பக்கம் தாய் அஞ்சு வருஷம் வெளிநாட்டுல நின்னுட்டு வந்தா ஒரு கல்வீடாவது நிக்கும், பிள்ளைக்கு அம்மா எதுக்குப் போனாங்கன்னு கண்ணால பாக்க ஒண்ணு இருக்கும். தோட்டத்துல நிலம் நம்ம பேர்ல இல்ல, லயம் கம்பெனியோடது, சுவத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினாலே தோட்டத்துல இருந்து நோட்டீஸ் வரும். 2017இல மோடி நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடுன்னு சொல்லிட்டுப் போனாரு, வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி தாறோம்னு சொல்லி எத்தனையோ தேர்தல் பாத்தாச்சு. அதுவரைக்கும் தாய் அனுப்புற காசு எங்க போய் நிக்கும்? டீவி, ஃபிரிட்ஜ், திருவிழாவுக்கு நகை, பிறகு அந்த நகை அடகுக் கடையில. ரெண்டு வருஷம் முடிஞ்சு வந்து பாத்தா கடன் அப்படியே இருக்கும், உடனே அடுத்த அக்ரிமென்ட். இப்படி மூணு நாலு தடவை போனவங்க எங்க ஸ்கூல் சுத்துவட்டாரத்துலயே நிறைய. சொந்த நிலமும் ஒழுங்கான சம்பளமும் இருந்தா இவங்கள்ல பாதிப் பேரு முதல் தடவையோட நின்னிருப்பாங்க.

என் அம்மாவும் போனவங்கதான், அதையும் சொல்லிர்றேன், இல்லாட்டி இவ என்ன தெரிஞ்சு பேசுறான்னு கேப்பாங்க. குவைத்துக்கு 1988இல போனாங்க, நான் ஸ்கூல்ல சேந்த காலம், அம்மாயிதான் வளத்தாங்க. அப்போ போன் எங்க இருந்துச்சு, கேசட்டுல பேசி அனுப்புவாங்க, பக்கத்து வீட்டு ரேடியோவுல போட்டு எல்லாரும் உக்காந்து கேப்போம், அம்மா அதுல அழுதா அம்மாயி டக்குன்னு ஓஃப் பண்ணிருவாங்க. 1990 ஆகஸ்ட்ல சதாம் ஹுசைன் குவைத்துக்குள்ள இறங்கினப்போ அம்மா உயிரோட இருக்காங்களான்னு தெரியாம இருந்தோம், பிறகு பாலைவனம் தாண்டி ஜோர்டான் கேம்ப்ல இருந்துதான் ஊருக்கு வந்து சேந்தாங்க. வந்த புதுசுல நான் அம்மாயி பின்னாடியே ஒளிஞ்சேன்னு இப்பவும் சொல்லிக் காட்டுவாங்க. எனக்கு அம்மா மேல கோவம் இருந்துச்சா, இருந்துச்சு, நிறைய. ஆனா நான் டீச்சர் ஆனதுக்குக் காரணம் அந்தக் காசு மட்டும் இல்ல, அம்மாயி என்னை ஒரு நாளும் ஸ்கூலுக்கு விடாம இருந்தது இல்ல, மாமா ஒவ்வொரு டேர்மும் ஹெட் மாஸ்டரைப் போய்ப் பாத்தாரு. வீட்டுல ஆள் இருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போ போன் இருக்கு, அது ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் அம்மாமாரு படுற பாடு தாங்காது. வீட்டுல அரிசி முடிஞ்சதுல இருந்து பையன் யாரோட சுத்துறான் வரைக்கும் அவங்க அங்க இருந்தே பாக்கணும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும், அங்க அவங்களுக்கு ஒம்பதரை, வேலை இன்னும் முடிஞ்சிருக்காது, குசுனிக்குள்ள நின்னு மெதுவாப் பேசுவாங்க, "டீச்சர் புள்ள வந்துச்சா, டீச்சர் சோதனை என்ன மாதிரி". ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பிள்ளை எத்தனையாம் ஆண்டுன்னு தெரியாத அப்பாமாரை நான் கூட்டத்துல பாத்திருக்கேன், அந்த மெசேஜ் அனுப்புற தாயைப் பொறுப்பில்லாதவன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, என்ன செய்யலாம்னு கேப்பீங்க. நான் பெரிய ஆள் இல்ல, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். அறிக்கையை தாய்க்கு மட்டும் வைக்காம வீட்டுல நிக்கப் போறவங்களுக்கும் வைங்க, அப்பா என்ன வேலை, குடிக்கிறாரா, சமைப்பாரா, கூட்டத்துக்கு வருவாரா, இதை எல்லாம் அவர்கிட்ட நேரா கேட்டு அவர்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்குங்க, சம்மதம்னு இல்ல, பொறுப்புன்னு. அப்பா வெளிநாடு போனாலும் அதே மாதிரி. தாய் போன விஷயத்தை பிரதேச செயலகம் ஸ்கூலுக்கு அறிவிக்கணும், யாரு பாத்துக்கிறாங்க, அம்மாவோட நம்பர் என்ன, ரெண்டும் எங்ககிட்ட இருந்தா மிச்சத்தை நாங்களே பாதி பாத்துக்குவோம். வருஷத்துல ரெண்டு தடவையாவது உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குப் போகணும், மிட்வைஃப் கர்ப்பிணி வீட்டுக்குப் போறாங்கதானே, அதே ரோட்டுலதான் இந்த வீடும் இருக்கு. சம்பளம் தாயோட சொந்த அக்கவுன்டுக்குப் போகணும், வீட்டுக்கு எவ்வளவு அனுப்புறதுன்னு அவங்க முடிவு செய்யட்டும், இதைப் பயிற்சியில வெறும் பேச்சா சொல்லாம அங்கயே கணக்குத் திறந்து கையில புத்தகத்தைக் குடுத்து அனுப்பணும். அப்புறம் வீட்டு வேலைக்காரங்களுக்கான ஐ.எல்.ஓ., அதான் சர்வதேசத் தொழில் அமைப்போட, 189ஆம் உடன்படிக்கை 2011இல வந்தது, நம்ம நாடு இன்னும் அதை ஏத்துக்கல. நம்ம வீட்டுக்குள்ள வேலை செய்றவங்களுக்கு லீவும் சம்பளமும் ஒழுங்காக் குடுக்கணும்னு ஒத்துக்காத நாடு, குவைத்துக்காரன்கிட்டப் போய் எந்த முகத்தோட கேக்கிறது? கொழும்புல எத்தனை வீட்டுல மலைநாட்டுப் பிள்ளைங்க இன்னும் குசுனிக்குள்ள படுக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பொம்பளைங்களோட அப்பா, அண்ணன், புருஷன்மாருக்கும் ஒண்ணு, பிள்ளைக்குத் தலை சீவி விடுறதால ஆம்பளைத்தனம் குறையாது. அந்த கவ்வாத்துக்காரரை பொண்டாட்டின்னு கூப்பிடுறவங்க வீட்டுப் பிள்ளைங்க மார்க்ஸ் எல்லாம் என்கிட்ட இருக்கு, சொன்னா நல்லா இருக்காது.

கடைசியா உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும் ஆசிரியர் அவர்களே, கோவிச்சுக்காதீங்க. அந்த ஐயா கடிதம் வந்த அதே ஞாயிறு பேப்பர்ல உள் பக்கத்துல எத்தனை விளம்பரம் இருந்துச்சு பாத்தீங்களா, "பணிப்பெண்கள் உடனடித் தேவை", "போகும் முன் கையில் பணம்", "பாஸ்போர்ட் இல்லாதவர்களும் அழைக்கவும்"னு. அதுல சிலதுல லைசன்ஸ் நம்பரே இல்ல, வெறும் மொபைல் நம்பர் மட்டும். விளம்பரத்தை நிப்பாட்டச் சொல்லல, பேப்பர் நடத்தக் காசு வேணும், எனக்கும் புரியுது. பியூரோ லைசன்ஸ் நம்பர் இல்லாத ஏஜென்சி விளம்பரத்தை மட்டுமாவது வாங்காதீங்க, போகும் முன் பணம்னு போடுறவங்ககிட்ட திரும்பி வந்தா அந்தப் பணம் என்ன ஆகும்னு ஒரு வரி சேத்துப் போடச் சொல்லுங்க. எங்க லயத்துல பேப்பர் வந்தா முதல்ல புரட்டுறது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை,
பொகவந்தலாவை.